மெடிகெய்டு வெட்டு: கட்டுரை விட்டுவிட்ட கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த அமெரிக்க வரவுசெலவுக் கட்டுரை, மெடிகெய்டு குறைப்பைச் 'செலவுச் சிக்கனம்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டது. நான் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். அந்தச் சொல்லைப் படித்ததும் மனசு பொறுக்கவில்லை.

மெடிகெய்டு 1965இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் வந்தது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போட்டு, வருமானம் குறைந்தவர்களுக்காக நடத்தும் மருத்துவக் காப்பீடு. நாட்டில் நடக்கும் பிரசவங்களில் பத்தில் நாலுக்கு இதுதான் பணம் கொடுக்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் இதுதான். இதைச் சொன்னால் இங்கேயே பலர் நம்புவதில்லை. உழைக்காதவர்களுக்குக் கொடுக்கும் இலவசம் என்ற பேச்சு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

காப்பீடு போனவருக்கு என்ன ஆகிறது என்பதை நான் பில் வழியாகத்தான் பார்க்கிறேன். சர்க்கரை நோயாளி முதலில் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்வார். சில மாதங்களில் மயங்கிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார். பணம் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்ப 1986ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, அனுப்பவும் கூடாது. மருந்துக் கடையில் முடிந்திருக்க வேண்டிய செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாள் பில்லாக வந்து நிற்கும். தவணை போடுவோம், கடிதம் மேல் கடிதம் அனுப்புவோம், அப்புறம் வாராக்கடன் என்று எழுதி மூடுவோம். பெரிய நகரத்து மருத்துவமனைகளுக்குத் தனியார் காப்பீடு உள்ள நோயாளிகள் நிறைய இருப்பதால் ஓரளவு சமாளித்துவிடுவார்கள். எங்களைப் போன்ற இடங்களில் பிரசவப் பிரிவை மூடிவிடுகிறார்கள். அதோடு நர்ஸ்களின் வேலையும் போகிறது. அவர்கள் சம்பளத்தை நம்பியிருந்த கடைகளும் வாடகை வீடுகளும் அடுத்து அடி வாங்கும்.

மெடிகெய்டில் சேர வருமான வரம்பை உயர்த்திய 2014 விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களின் சிகிச்சைக்கு ஆகும் 100 டாலரில் 90 டாலர் வாஷிங்டனிலிருந்து வருகிறது. ஒருவர் பட்டியலிலிருந்து விழுந்தால் மாநிலத்துக்கு 10 டாலர் மிச்சம். ஊருக்குள் வந்திருக்க வேண்டிய 90 டாலர் வராமலே போய்விடும். அரசின் கடன் பெரிது, எங்காவது குறைக்கத்தான் வேண்டும் என்ற கட்டுரையாளரின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்த 90 டாலர் இங்கே யாரோ ஒருவரின் சம்பளம்.

வேலை பார்த்தால்தான் காப்பீடு என்று வைத்தால் ஜனங்கள் வேலைக்குப் போவார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆர்கன்சாவில் 2018இல் இதைச் செய்து பார்த்தார்கள். மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். முதலில் இணையதளத்தில் மட்டும்தான் பதிய முடியும், அந்தத் தளமும் இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறக்கும். சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களும் உண்டு. விதியே தெரியாதவர்களும் உண்டு. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறகு ஆய்வு செய்து பார்த்ததில் வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கை கூடவே இல்லை.

சரி, ஒரு மாநிலத்தோடு போயிற்று என்று விடவும் முடியாது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதே 80 மணி நேரத்தை விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் கொண்டுவருகிறது. கடைசிக் கெடு 2027 ஜனவரி 1. இந்தச் சட்டத்தால் 2034க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே கணித்திருக்கிறது.

எங்கள் பிரிவில் இப்போதே நோயாளிகளிடம் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லி வருகிறோம். மூன்று வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் போன வாரம் கேட்டார்: "எனக்குக் கையில் காசாகத்தானே தருகிறார்கள், சீட்டுக்கு நான் யாரிடம் போவது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அவருடைய கேள்வியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கென்டக்கியிலிருந்து ஒரு வாசகி