ஊழியரை நீக்கினால் கோபம் தணியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுமக்கள் கொதித்தெழும்போது நிறுவனத் தலைமை எப்படித் தடுமாறும் என்பதற்கு, 2021 அக்டோபரில் சொமேட்டோவில் நடந்ததே போதும். ஆர்டரில் ஒரு பண்டம் வராமல் பணத்தைத் திருப்பிக் கேட்ட தமிழக வாடிக்கையாளரிடம், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சேவை ஊழியர் எழுதிவிட்டார். நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டு அவரைப் பணிநீக்கம் செய்தது, சிறிது நேரத்திலேயே நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் சேர்ப்பதாக அறிவித்து, நாட்டில் சகிப்புத்தன்மை கூட வேண்டும் என்று (நமக்கே!) பாடமும் எடுத்தார். திரும்பச் சேர்த்தது நியாயமே. உணவகத்துடன் பேச மொழி தடையாக இருப்பதாக அந்த ஊழியரே சொல்லியிருந்த நிலையில், தமிழ் தெரிந்தவர்களை அந்த இருக்கையில் அமர்த்தாதது மேலிடத்தின் குறையல்லவா? கோவையில் தமிழ்ச் சேவை மையம் அமைத்துவருவதாக மன்னிப்பு அறிக்கையின் கடைசியில் சொன்னதை முதல் வரியில் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி