மருந்துச் சீட்டோடு ஒரு குழந்தை வந்தால்

கோயம்புத்தூர்

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபியில் மருந்துக் கடையைப் பெரிதாக்கிவிட்டாய் என்பதில் ரொம்பச் சந்தோஷம். உன் மாமனார் கேட்டாராமே, "ஆஸ்பத்திரியில மாத்திரை எடுத்துக் குடுக்கறதுக்கு அத்தனை படிப்பு எதுக்கம்மிணி?" என்று. நான் படித்த ஃபார்ம்டி என்கிற மருந்தாளுநர் படிப்பே 2008-ல்தான் நம் நாட்டுக்கு வந்தது, அவர் கேட்பதில் தப்பில்லை.

எங்கள் வார்டில் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தச்சோகை, ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகள் அதிகம். அவர்களுக்குப் புது மஜ்ஜை உண்டாகக் கொடையாளியின் ஸ்டெம் செல் ஏற்றுவது பார்வைக்கு ரத்தம் ஏற்றுவது மாதிரிதான். பாடெல்லாம் அதற்கு முன்னும் பின்னும். பழைய மஜ்ஜையைக் காலி செய்யப் புசல்ஃபான் என்ற மருந்து கொடுப்பார்கள். ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்றின் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றும், இன்னொன்று மெதுவாக. ரத்தத்தில் அதிகம் தங்கினால் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். போதாமல் போனால் புது மஜ்ஜை பிடிக்காது. அதனால் முதல் டோஸ் போனதும் சில மணி நேரத்துக்கு இடைவெளி விட்டு விட்டு ரத்தம் எடுத்து, கணக்குப் போட்டு, அடுத்ததைத் திருத்துகிறோம். அந்த மருந்தால் வலிப்பு வராமலிருக்க லெவடிராசிடமும் முன்கூட்டியே ஆரம்பித்தாக வேண்டும்.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு ஒரு நாள் தேவை சுமார் 1000 மில்லிதான். ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் அதற்குள் அடங்கணும். எது எதோடு ஒரே லைனில், அதாவது ரத்தக்குழாயில் வைத்த ஒரே குழாயில், போகலாம் என்பதும் எங்கள் தலையில்தான். பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசினை சலைன் உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைநீர்தான் ஆகும்.

சமீபத்தில் ஒரு பையனுக்கு, கொடையாளியின் செல்கள் உடம்பைத் தாக்காமல் அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் கண்டபடி ஏறியிருந்தது. டாக்டர்கள் டோஸைக் குறைக்கத் தயாரானார்கள். ரத்தம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். மருந்து ஏறிய அதே லைன். அந்த மருந்து குழாயின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், பொய்யாக அதிகம் காட்டும். கையில் குத்தி எடுத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. குறைத்திருந்தால் கொடையாளியின் செல்கள் பையனின் தோலையும் குடலையும் தாக்கக் கிளம்பியிருக்கலாம்.

சரி, உனக்கு இவ்வளவும் எழுதக் காரணம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அம்மா அப்பா, பாட்டி எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லித்தான் அனுப்புகிறோம்: பம்பளிமாஸ் வேண்டாம், நாட்டு மருந்து எதுவும் கேட்காமல் வேண்டாம், பண்ணாரி குண்டம் திருவிழாவுக்குக் கூட்டத்தில் தூக்கிப் போக வேண்டாம். தலையாட்டுவார்கள். ஆனால் ஊருக்குப் போனபின் இருமல் என்றால் முதலில் நிற்பது உன் மாதிரி மெடிக்கலில்தான். சைக்ளோஸ்போரின் சாப்பிடும் குழந்தைக்கு கிளாரித்ரோமைசினோ ஃபுளூகோனசோலோ கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு எகிறும். ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் என்று வந்தால் சிரப் கொடுத்து அனுப்பாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு விரட்டு. அப்புறம், ஒரு கம்பெனி சைக்ளோஸ்போரின் இல்லையென்று வேறு கம்பெனியை எடுத்துக் கொடுக்காதே; அளவு மாறிவிடும். லாபம் கம்மி என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது, இருந்தாலும் ஒரு ஸ்ட்ரிப் இருப்பு வை.

என் நம்பரைக் கடைப் பையன்களிடமும் கொடுத்துவிடு, ராத்திரியானாலும் கூப்பிடட்டும். ஆடி நோம்பிக்கு வருகிறேன், மற்றதை நேரில் பேசலாம்.

அன்புடன்,
கலா