கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை

ஆசிரியருக்கு வணக்கம்.

சத்துக் குறைவால் பார்வை கெடும் என்றால் எல்லோரும் மாலைக்கண்ணையும் வைட்டமின் ஏ-யையும்தான் சொல்கிறோம். பி12 குறைந்தாலும் கண் கெடும் என்பது 58 வயதில் எனக்கே வந்தபோதுதான் தெரிந்தது.

30 வருடம் பிழைதிருத்துநராக எழுத்தோடு வாழ்ந்தவன் நான். வரியின் நடுவில் எழுத்துகள் மங்கின. வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினேன். அப்புறம் ஒருநாள் பேத்தியின் சிவப்புப் பந்தைப் பழுப்பு என்று சொல்லிவிட்டேன். குழந்தை சிரித்தாள், எனக்குப் பயம் வந்துவிட்டது.

கண் மருத்துவர் நிறங்களைக் காட்டிச் சோதித்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பி12 மிகக் குறைவு. பார்வை நரம்பு நலிந்திருந்தது. நான் பாலும் தொடாத சைவம். இந்த வைட்டமினோ இயற்கையாக இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான் போதிய அளவு இருக்கிறது. போதாததற்குப் பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அதுவும் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து யாருமே யோசிக்கவில்லை.

ஊசி போட்டதில் சில மாதங்களில் பெருமளவு தெளிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் நரம்பு மீளாமலே போயிருக்கலாம் என்றார் மருத்துவர். கண்ணாடி மாற்றியும் தெளியாதவர்கள் பி12 அளவைப் பார்க்கும்படி, உங்கள் மருத்துவப் பக்கத்தில் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்