பழைய கணினிகளுக்கு ஆதரவு எதுவரை?

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல்தான். திரை, விசைப்பலகை, நினைவகம் என எந்தப் பழுதும் இல்லாத கணினிகள்கூட இதனால் ஒதுக்கப்படுகின்றன. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

ஆதரவுக் காலத்தை அறிமுகமான நாளிலிருந்து கணக்கிடக் கூடாது. கடைசிக் கருவி விற்ற நாளிலிருந்து எண்ண வேண்டும். கையிருப்பைத் தள்ளுபடியில் வாங்குபவருக்குத்தான் குறைந்த ஆயுள் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் ஸ்மார்ட்போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என விதித்துள்ளது. கணினிக்குப் பத்தாண்டு கேட்பது பேராசையல்ல. அதற்குமேல் முடியாதென்றால், வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களின் மூலநிரலை நிறுவனங்கள் வெளியிடட்டும். லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்