எந்த ஷெட்டில் ஆயில் மாற்றுவது

அன்புள்ள பிரபுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஐப்பசி மழை நன்றாகவே பெய்கிறது.

உன் போர்ஷேவுக்கு எங்கே ஆயில் மாற்றுவது என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் வேறு போன் வருகிறது என்று வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை கண்ணு, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன். அவசரமில்லாமல் படி.

டீலரிடம் போவதா, சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித் தருகிற கடைக்குப் போவதா, போர்ஷே மட்டும் பார்க்கிற தனி ஷெட்டுக்குப் போவதா என்று மூன்று சொன்னாய். நாலாவது ஒன்று இருக்கிறதே, அதை நீ சொல்லவே இல்லை. மிச்சிகனில் உங்கள் நோவை வீட்டில் இரண்டு வண்டி நிற்கிற கராஜ் இருக்கிறது. பாப்பா பிறந்த சமயம் நாங்கள் வந்திருந்தபோது அதன் சுவரில் பலகை அடித்து, ஸ்பேனர்களை எட்டாம் நம்பரிலிருந்து வரிசையாக நான்தான் மாட்டி வைத்தேன். வித்யாவின் வண்டிக்கு நீயும் நானும் அங்கேதான் ஆயில் மாற்றினோம். இப்போது "இங்கே கீழே படுத்து வேலை செய்ய விடமாட்டாங்கப்பா" என்கிறாய். சொந்த வீட்டில் யார் விடவேண்டும்? சரி, ஏதாவது காரணம் இருக்கும்.

முதலில் வண்டி விஷயம். 2007 போர்ஷே பாக்ஸ்டர் என்றால் அதன் எஞ்சினைப் பற்றித் தெரிந்த ஆள்தான் தொடவேண்டும். சீட்டுக்குப் பின்னால், வண்டியின் நடுவில் எஞ்சின். மேலே சுலபமாகத் திறந்து பார்க்க முடியாது. ஆயிலை இறக்குவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் கீழேயிருந்து பார்க்கிற வேலை. சாதாரணக் காருக்கு நாலு, நாலரை லிட்டர் ஆயில் போதும். இதற்கு எட்டு லிட்டர் அளவுக்கு வேண்டும். சாலையோரக் கடையில் பம்ப்பை வைத்துப் பழக்கதோஷத்தில் ஐந்து குவார்ட் (ஐந்து லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு) ஊற்றிவிட்டு மூடியைப் போடுகிற பையன்கள் உண்டு. இந்த வண்டியில் டிப்ஸ்டிக்கும் கிடையாது, மீட்டரில்தான் அளவு காட்டும். அதுவும் வண்டி சமதளத்தில் நின்று, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்த பிறகு பார்த்தால்தான் சரியாகக் காட்டும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. கூடினால் ஆயில், எஞ்சின் காற்று இழுக்கிற இன்டேக்குக்குள் போய்ப் புகையாக வரும். ஆகவே அந்தக் கடை வேண்டவே வேண்டாம். கூப்பன் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆயிலை இறக்கத் திறக்கிற அந்த டிரெயின் போல்ட்டை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆயில் தங்குகிற சம்ப் அலுமினியம். எட்டு எம்எம் ஆலன் கீ போட்டுத் திறக்கிற போல்ட். 50 நியூட்டன் மீட்டருக்கு, அளவு காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து முடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடவேண்டும். ஏர் கன்னைக் கொண்டுவந்து 'டர்ர்ர்' என்று முடுக்கினால் மரை போய்விடும். மரை போனது அன்றைக்குத் தெரியாது. அடுத்த முறை திறக்கிறவன் கையில்தான் தெரியும். நம் சிங்காநல்லூர் ஷெட்டுக்கு அப்படி மரை போன வண்டிகள் எத்தனை வந்தன என்று நீயே பார்த்திருக்கிறாய்.

டீலர் தப்பென்று சொல்லமாட்டேன். ரசீது கிடைக்கும், விற்கும்போது அந்த ரசீதுக்கு மதிப்பு உண்டு. ஆனால் டீலரிடம் வண்டியை வாசலில் வாங்கிக்கொள்வார்கள். நீ காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். யார் திறந்தார், என்ன பார்த்தார் என்று உனக்குத் தெரியாது. புது வண்டி பார்த்தே பழகின பையனிடம் பதினெட்டு வருஷத்துக்கு மேலான எஞ்சினைக் கொடுத்தால் ஆயிலை மாற்றிவிட்டு அனுப்புவான். எனக்கு அது போதாது.

தனி ஷெட்டுக்குப் போ. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு போகாதே. போய் ஒரே ஒரு கேள்வி கேள்: "ஃபில்டரைப் பிரித்து எனக்குக் காட்டுவீர்களா?" அந்த எஞ்சினில் ஐ.எம்.எஸ் பேரிங் என்று, நடுத் தண்டைத் தாங்குகிற பேரிங் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 2006க்கு முந்தைய வண்டிகளில் அது பேர்போன தொல்லை. உன் வண்டியில் இருப்பது பெரிய பேரிங், அவ்வளவாகப் போகாது. ஆனால் போனால் எஞ்சினே போச்சு, அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்றால் எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டும். போகிற பேரிங் பெரும்பாலும் சத்தம் போடும் முன்பே ஃபில்டரில் பொடி விடும். காகித ஃபில்டரின் மடிப்புகளை விரித்து வெள்ளைத் தட்டில் வைத்து, வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மினுக்குகிற பொடி இருந்தால் காந்தத்தை வை. ஒட்டினால் இரும்பு, பேரிங்கைச் சந்தேகப்படு. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் அது எஞ்சின் செயினை வழிநடத்துகிற கைடு தேய்ந்தது. ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சர்வீஸ் வரை நிம்மதியாகத் தூங்கு. அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கிற மாதிரிதான் இது.

"அதெல்லாம் எதுக்கு சார்" என்று சொல்கிற ஷெட் உனக்கு வேண்டாம். "வாங்க, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்க" என்று சொல்கிறவரைப் பிடித்துக்கொள். அப்புறம் ஆளை மாற்றாதே. ஒரே கை தொடர்ந்து பார்த்தால்தான் போன முறைக்கும் இந்த முறைக்கும் வித்தியாசம் தெரியும். ஆள் தெரியாவிட்டால் போர்ஷே கிளப் ஆஃப் அமெரிக்காவில் விசாரி. 1955லிருந்து இருக்கிற சங்கம், உங்கள் மிச்சிகனிலும் கிளை வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லமாட்டார்கள்.

ஆயில் 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40, டப்பாவில் போர்ஷேவின் ஒப்புதல் குறியான ஏ40 போட்டிருக்கவேண்டும். 5000 மைல் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதற்கு மாற்று. புத்தகத்தில் அதைவிட நீளமாகத்தான் எழுதியிருப்பான். அது புது வண்டிக்கு.

குளிர்காலத்துக்கு முன்னாலேயே மாற்றிவிடு. ஓடின ஆயிலில் தண்ணீரும் அமிலமும் சேர்ந்திருக்கும், அது மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறிக்கொண்டு கிடக்கக்கூடாது. அங்கே ரோட்டில் உப்புக் கொட்ட ஆரம்பித்துவிட்டால் இந்த வண்டியை வெளியே எடுக்கமாட்டாய். டாங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி நிறுத்துவாய். எங்கே நிறுத்துவாய்? நீ அனுப்பின போட்டோவில் வண்டி திறந்த வெளியில் நிற்கிறது. கீழே மஞ்சள் பெயின்ட்டில் நம்பர் எழுதின கட்டம். பின்னால் மூன்று மாடிக் கட்டடம், வரிசையாக ஒரே மாதிரி பால்கனி. அது நம் வீட்டுத் தெரு கிடையாது. நான் அந்தத் தெருவில் காலையும் மாலையும் நடந்தவன். அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள், வண்டி நிறம் நன்றாயிருக்கிறது என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டி வாங்கினதைத் தப்பென்று சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பெருமைதான். நம் ஷெட்டில் ஒரு போர்ஷேவைக்கூட நான் தொட்டதில்லை, என் பையன் வைத்திருக்கிறான். 2005ல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஃபார்முலா ஒன் ஓட்டினபோது கோயம்புத்தூரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. எல்லாப் பையன்களும் எவ்வளவு வேகம் என்று கேட்டபோது நீ மட்டும் "அந்த வண்டிக்கு யாருப்பா ஆயில் மாத்துவாங்க" என்று கேட்டாய். அதை நான் இன்னும் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செட்டிப்பாளையம் ரேஸ் ட்ராக்கில் ஃபார்முலா மாருதி ரேஸ் வண்டியின் ஆயிலை இறக்கி இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பேன், நீயும் கையை நீட்டுவாய். அப்படி வளர்ந்த பிள்ளை ஆயில் எங்கே மாற்றுவது என்று என்னைக் கேட்டால், கேட்கவந்தது ஆயில் மட்டும்தானா என்று எனக்குத் தோன்றாதா?

இரண்டு சீட் வண்டி என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாப்பாவின் சீட்டை எந்த வண்டியில் மாட்டியிருக்கிறாய்? இந்த வண்டியில் முன்சீட்டுக்கு ஏர்பேக் இருக்கிறது. அதை அணைக்காமல் பாப்பாவை அங்கே உட்காரவைக்கக் கூடாது, பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கூடாது. வாரக்கடைசியில் நீ அவளை எங்காவது அழைத்துப்போவதாக இருந்தால் வேறு வண்டியில் போ. வாடகைக்காவது எடு.

வித்யா வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுவாள். கொஞ்ச காலமாகக் காணோம். வேலை அதிகமாக இருக்கும் என்று நான்தான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா சரி என்றாள். உன்னிடம் இதற்கு நான் பதில் கேட்கவில்லை. ஆனால் சுந்தராபுரம் பெரியம்மா வீட்டு விஷயத்தில் ஊரெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினபோது நான் எந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பெண்ணை யார் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தோம் என்று உனக்குத் தெரியும். அதே அப்பாதான் நான். மாறிவிடவில்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல். ஆயில் விளக்கு ஒருமுறை மின்னியிருந்தால் மின்னியது என்று சொல். எங்காவது கல்லில் அடிபட்டிருந்தால் சொல். திட்டுவாரோ என்று மறைத்தால் அவர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். வந்த வண்டியைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் மெக்கானிக் ஆகமாட்டான். நானும் காலமெல்லாம் அந்த வேலை பார்த்தவன்தான், கண்ணு.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஆயில் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே இறக்கச் சொல். வாஷரைப் புதுசு போடச் சொல். பையன் ஏர் கன்னை எடுத்தால் "வேண்டாம்" என்று சொல்லக் கூச்சப்படாதே, காசு கொடுப்பது நீ. ஃபில்டரைப் பிரிக்கும்போது எனக்கு வீடியோ கால் போடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.

இன்னொன்று. என் டார்க் ரென்ச்சைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன், காந்தமும் இருக்கிறது. உனக்கு என்றாவது வேலை செய்ய இடம் கிடைக்கும். அம்மா பருப்புப்பொடி இடித்திருக்கிறாள், பாப்பாவுக்குத் தீபாவளிப் பாவாடையும் தைத்து வந்துவிட்டது. பார்சல்காரர் முகவரி கேட்கிறார். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு நோவைக்கே அனுப்பட்டுமா, இல்லை பாப்பாவுடையதைத் தனியாகவும் உன்னுடையதைத் தனியாகவும் கட்டணுமா? அதை மட்டும் எழுது. தனியாக என்றால் உன் பெட்டிக்கு எந்த முகவரி போடுவது என்றும் எழுது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா