'வன்முறை அபாயம்' என்ற வரிக்குத் தேதி வேண்டும்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மனநல வார்டுகளில் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியர் நான். ஒரு மருத்துவமனையில், சேர்க்கை நாளன்று தன் அண்ணனைக் கீழே தள்ளிவிட்ட இளைஞர் ஒருவரின் கேஸ் ஷீட்டில் 'வன்முறை அபாயம் உண்டு' என்று சிவப்பு மையில் எழுதினார்கள். மூன்றாம் வாரம் அவர் தெளிந்து, எங்களோடு சேர்ந்து படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் அந்த வரி அப்படியே இருந்தது. அதைக் காட்டியே, முற்றத்தில் நடக்க அவருக்கு அனுமதி மறுத்தார்கள். நானும் அன்று எதிர்த்துக் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

அபாயத்தை மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வார்டில் அடிபட்ட சக செவிலியர்களையும், இரவெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு விழித்திருந்த தாய்மார்களையும் அறிந்தவள் நான். ஆனால் அந்த மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். மனநல மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பயன்படும் மதிப்பீட்டுக் கருவிகளை, அதாவது அபாயத்தைக் கணிக்க உதவும் கேள்விப் பட்டியல்களைப் பற்றி 13 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மிதமான அல்லது அதிக அபாயம் உள்ளவர்கள் எனக் குறிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 41 பேரே பின்னர் வன்முறையில் ஈடுபட்டனர்; குறைந்த அபாயம் எனக் குறிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 91 பேர் ஈடுபடவில்லை. ஆகவே கருவி 'இல்லை' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'உண்டு' என்றால், அதை மட்டும் வைத்து ஒருவரைப் பூட்டிவைப்பது நியாயமாகாது.

மேலும், அபாயம் மாறக்கூடியது. பல நாடுகளில் பயன்படும் எச்சிஆர்-20 கருவியின் 20 கூறுகளில் 10 மட்டுமே கடந்தகாலத்தைப் பற்றியவை. மற்றவை நோயாளியின் தற்போதைய நிலையையும் இனி அவர் வாழப்போகும் சூழலையும் கேட்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் பிரதிநிதி கேட்டதன்பேரில் அவரை மருத்துவமனையில் சேர்ப்பது பற்றிய 89ஆம் பிரிவில், ஒருவர் 'அண்மையில்' எப்படி நடந்துகொண்டார் என்றுதான் பார்க்கச் சொல்கிறது.

மனநல நிறுவனங்களுக்குத் தர நெறிகளை வகுக்கும் பொறுப்பு தங்களுடையது என்பதால் கேட்கிறேன்: அபாயக் குறிப்பு ஒவ்வொன்றிலும் தேதியும், மதிப்பிட்டவர் பெயரும், மறு மதிப்பீட்டு நாளும் இருக்க வேண்டும் என்றும், அந்த நாள் கடந்தால் அக்குறிப்பைக் காட்டி எந்த உரிமையையும் மறுக்கக் கூடாது என்றும் ஆணையிடுங்கள். மதுப்பழக்கம் உண்டா, டிஸ்சார்ஜுக்குப் பின் மாத்திரைக்கும் தங்குமிடத்துக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விகள் அதே தாளில் இடம்பெறட்டும். நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதையும், அவர் சொன்ன சொற்களிலேயே, அங்கே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் ஒருவர்