உள்நாட்டு விவகாரம் என்றார்கள், அப்பா

டர்பன், தென்னாப்பிரிக்கா,
9.9.2001

அன்புள்ள அப்பா அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் அண்ணன் குடும்பத்தாரும் தங்கையும் நலமென்று நம்புகிறேன். ஆகஸ்ட் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதமும், உடன் வைத்திருந்த செய்தித்தாள் நறுக்கும் இந்த வாரம் கைக்கு வந்து சேர்ந்தன. நான் பிழைக்கும் ஊரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடக்கிறதென்றும், சிலர் அங்கே போய் நம் நாட்டின் மானத்தை வாங்குகிறார்கள் என்று மேலத்தெரு வாத்தியார் டீக்கடையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாரென்றும் எழுதி, நீயும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ந்தேன், அப்பா. மாநாடு நேற்று முடிந்தது. வாத்தியார் வாசித்துக் காட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் மனம் குன்றியிருக்கக் கூடாது என்பதால், நான் பார்த்ததையும் கேட்டதையும் விரிவாக எழுதுகிறேன்.

அரசாங்கங்கள் கூடியது பெரிய மாநாட்டு மண்டபத்தில். அங்கே என்னைப் போன்றவர்களுக்கு இடமில்லை. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 28 முதல், கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் தொண்டு நிறுவனங்களும் இயக்கங்களும் பந்தல்கள் போட்டுக் கூடியிருந்தன. எங்கள் கடையில் இப்போது பாதிநாள்தான் வேலை. உடம்புக்கு நல்ல ஓய்வு, அதை எண்ணி அம்மா கவலைப்பட வேண்டாம். அதனால் பிற்பகல்களில் அங்கே போய்வர முடிந்தது. தலித் மனித உரிமைக்கான தேசிய இயக்கத்தின் சார்பில் மார்ட்டின் மக்வான் முதலானோருடன் நம் மக்கள் ஏறக்குறைய இருநூறு பேர் இந்தியாவிலிருந்து வந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்கள் சிலருக்கு வழிகாட்டவும், ஆங்கிலத் தாள்களை வாசித்துப் பொருள் சொல்லவும் நான் கூடவே இருந்தேன். கருவாட்டுக்காரச் சித்தியைப் போலவே பேசும் ஒரு பெண், கோழிக்கோ ஆட்டுக்கோ இரங்குகிற அளவுகூட எங்களுக்கு இரங்காத ஊரிலிருந்து வருகிறேன் என்று பந்தலில் எழுந்து சொன்னபோது, பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கப் பெண்கள் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் உலகச் செய்தித்தாள்கள் எழுதியது வேறொன்றை. இஸ்ரேலைக் கண்டித்தும், யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசக் கொள்கையை இனவெறியோடு சேர்த்தும் வரைவு அறிக்கையில் இருந்த வாசகங்களைக் காரணம் காட்டி, அமெரிக்கா தன் வெளியுறவு அமைச்சரை அனுப்பவே இல்லை. அனுப்பிய சிறு குழுவையும் செப்டம்பர் 3ஆம் தேதி இஸ்ரேல் குழுவோடு சேர்த்துத் திரும்ப அழைத்துக்கொண்டது. அது முதல் யார் போனார், யார் இருந்தார் என்பதே பேச்சாகிவிட்டது. பாலஸ்தீன மக்களின் துன்பம் உண்மையானது. அதைப் பேச அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் யூதர்களைப் பழிக்கும் துண்டறிக்கைகளும் படங்களும் அதே மைதானத்தில் கைமாறியதைக் கண்டு நான் மிகவும் வருந்தினேன். இனவெறிக்கு எதிராகக் கூடிய இடத்தில் ஓர் இனத்தின் மீது வெறுப்பைப் பரப்புவது, பாலஸ்தீனக் குழந்தை ஒன்றுக்குக்கூட நன்மை செய்யாது. இதனால்தான் மாநாட்டின் தலைமைச் செயலாளர் மேரி ராபின்சன், தொண்டு நிறுவனங்களின் அறிக்கையை அரசுகளுக்குப் பரிந்துரைக்க முடியாதென்று மறுத்தார். அடிமை வணிகத்துக்கு மன்னிப்பும் ஈடும் கேட்ட ஆப்பிரிக்க நாடுகளோடு ஐரோப்பிய நாடுகள் கடைசி நேரம்வரை வாதாடியதில், ஏழாம் தேதி முடிய வேண்டிய மாநாடு எட்டாம் தேதிவரை நீண்டது. அடிமைமுறை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பதையாவது எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

நம்முடைய காரியம் இந்த இரைச்சலுக்கு நடுவில் சத்தமில்லாமல் முடிக்கப்பட்டது. தொழிலையும் வம்சாவளியையும் காரணமாகக் கொண்ட பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று வரைவுச் செயல்திட்டத்தில் 73ஆவது பத்தி ஒன்று இருந்தது. சாதி என்ற பெயர்கூட அதில் இல்லை. நம் அரசு அதை எதிர்த்தது. இறுதி அறிக்கையில் அது இல்லை. நம் வெளியுறவு இணையமைச்சர் உமர் அப்துல்லா, சாதி இந்த மாநாட்டில் பேசத் தகுந்த பொருள் அன்று என்றும், உறுப்பு நாடுகளுக்குள் சமூகத்தை மாற்றியமைக்க நாம் இங்கே கூடவில்லை என்றும் பேசினார். சாதியும் இனமும் ஒன்றல்ல என்று படித்த பெரியவர்கள் சொல்வது எனக்கும் புரிகிறது. ஆயினும் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் 1965ஆம் ஆண்டு உலக ஒப்பந்தம் நிறத்தோடு வம்சாவளியையும் சேர்த்தே சொல்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அந்த ஒப்பந்தத்துக்கான குழு 1996இல் இந்தியாவிடமே தெரிவித்தது. நீதிபதி வர்மா தலைமையிலான நம் தேசிய மனித உரிமை ஆணையம்கூட, பாகுபாட்டுக்கு என்ன பெயர் என்பதைவிட அது இன்னும் நீடிக்கிறது என்பதையே கவனிக்க வேண்டும் என்ற கருத்தை இங்கே முன்வைத்தது. வாத்தியாரிடம் இதையும் சொல்லுங்கள்; ஆணையம் நம் சேரியிலிருந்து வந்ததல்ல.

முன்பு ஒருமுறை எழுதியிருந்தேனே, வானொலிப் பெட்டியைச் சன்னலில் தெருவைப் பார்த்து வைத்துவிட்டு ஊருக்கே செய்தி கேட்கச் செய்யும் அடுத்த வீட்டு ஆயா, அவர் மாநாட்டு நாட்களில் மாலைதோறும் வேலிக்கு அருகில் நின்று, இன்றைக்கு நம்ம ஜனங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பார். உள்நாட்டு விவகாரம் என்று நம் அரசு சொல்வதாக நான் சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 1946இல் இந்நாட்டு அரசு, இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் எல்லை வகுத்துச் சட்டம் போட்டது. கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சேரும் மூலையில் கூடாரம் அடித்து நம்மவர்கள் அறப்போர் செய்தார்கள். ஆயாவின் தகப்பனார் அதில் சிறை சென்றவர். அந்த ஆண்டே இந்தியா இதை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோனது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம், வெளியார் தலையிடக் கூடாது என்று தென்னாப்பிரிக்கா அன்று வாதாடியது. அதை ஏற்க மறுத்து, இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார், சபையும் இந்தியாவின் பக்கமே நின்றது. எங்களுக்காக ஊரைக் கூட்டின நாடு, தன் பிள்ளைகளுக்காக மற்றவர்கள் பேசினால் ஏன் கதவை அடைக்கிறது என்று ஆயா கேட்டார். அமைச்சரின் பேச்சுக்கு இதைவிடச் சரியான மறுமொழியை இந்த மாநாட்டில் நான் கேட்கவில்லை.

ஆயாவின் பாட்டனார் கரும்புத் தோட்டக் கூலியாகச் சென்னையிலிருந்து கப்பலேறியவர். ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகலை எனக்குக் காட்டினார். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் அதில் இருக்கின்றன. சாதி என்ற இடத்தில் நம் சாதியே எழுதியிருக்கிறது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பாட்டனாரின் ஊர் எங்கே இருக்கிறது, மழை பெய்யுமா என்றுதான் கேட்டார். வெள்ளையர் சட்டத்தால் கேட்டோ மேனரில் இருந்த வீட்டை இழந்து, சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பம் அது. அவ்வளவு பட்டவர்கள், தங்களுக்குள் இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இங்கேயும் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஆயா வீட்டு முற்றத்தில் தெருவார் எல்லோரும் ஒரே அண்டாவில் மொண்டு ஒரே குவளைகளில் குடித்தார்கள். என்னையும் அழைத்து, தன் வீட்டுக் குவளையிலேயே ஊற்றிக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா நினைவு வந்துவிட்டது. கோயிலுக்கு எட்ட, புளியமரத்தடியில், தனிப் பானையோடு வருகிறவர்களுக்காக நாம் வரிசையில் நின்றதும், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குத் தன் முந்தானையால் என் தலையை மூடியதும் நினைவு வந்தன. அந்தப் புளியமரத்தடிக்கே இன்று வரச் சொன்னாலும் நடந்தே வந்துவிடுவேன் போலிருந்தது, அப்பா. இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

இனி அண்ணன் விஷயம். அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல் வருமென்றும், நம் ஊராட்சி தனித்தொகுதி என்பதால் அண்ணன் தலைவர் பதவிக்கு மனுப் போட விரும்புகிறார் என்றும், நீங்கள் தடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1997இல், தனித்தொகுதியில் நின்று ஊராட்சித் தலைவரான மேலவளவு முருகேசனைப் பேருந்தை மறித்து வெட்டிய பிறகு நீங்கள் பல நாள் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் அறிவேன். உங்கள் அச்சத்தை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால் கடந்த ஜூலையில் அந்த வழக்கில் பதினேழு பேருக்குச் சேலம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்திருக்கிறது. எங்கள் சட்டமே போதும், எங்கள் தேர்தலே போதும் என்று நம் அரசு உலகத்தின் முன் நின்று சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் துணையோடுதான் அண்ணன் மனுப் போடப் போகிறார். அவரைத் தடுக்காதீர்கள் என்று உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

தனியாகப் போக வேண்டாம். சின்ன மாமாவையும் மேலூர் வக்கீலையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதன் நகலோடு பாதுகாப்புக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபால் அனுப்பச் சொல்லுங்கள். வாக்குப்பதிவு முடியும்வரை அண்ணியும் குழந்தைகளும் அவர் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். இந்நாட்டு ராண்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே வருவதால் இம்மாதம் நான் அனுப்புவது ரூபாயில் சற்றுக் குறைவாக வரும். வேறு காரணம் இல்லை. அதில் வக்கீல் செலவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையின் நிச்சயத்தைத் தைக்குத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டால் நல்லது. அம்மாவின் கண் சிகிச்சையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம். மதுரைக்கு அழைத்துச் சென்று தேதி வாங்கியதும் எனக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்